வேக்குவம் வரவில்லையா? ஸ்பேனரை எடுக்கும் முன்

“அண்ணே, வேக்குவம் வரமாட்டேங்கு.”

ஆடிக் காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஆய்வு மாணவி ஒருவர் வந்து சொன்னார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கிளீன்ரூமில் (தூசியைக் கட்டுப்படுத்திய ஆய்வறை) தின் ஃபிலிம் கோட்டிங் இயந்திரங்களை, அதாவது காற்றை உறிஞ்சி எடுத்து வேக்குவமாக்கிய சேம்பருக்குள் கண்ணாடி போன்றவற்றின் மேல் மெல்லிய படலம் போடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு தெர்மல் எவாப்பரேஷன் யூனிட் (பொருளைச் சூடாக்கி ஆவியாக்கிப் படியவைப்பது), ஒரு ஸ்பட்டரிங் யூனிட் (பொருளை அயனிகளால் அடித்துப் பெயர்த்துப் படியவைப்பது). இரண்டையும் பல துறை மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். அன்று எவாப்பரேஷன் யூனிட்டில் அழுத்தம் 10⁻³ மில்லிபாரிலேயே நின்றுவிட்டது. வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் அதைவிட நூறு மடங்கு குறைந்து 10⁻⁵ வந்துவிடும்.

அவர் என்னிடம் வருவதற்குள் இரண்டு நாள் போயிருந்தது. அதற்குள் காற்றை உறிஞ்சும் ரோட்டரி பம்பின் எண்ணெயை மாற்றிவிட்டார்கள். அழுத்தம் காட்டும் கேஜைக் கழற்றி மாட்டிவிட்டார்கள். சேம்பருக்குக் கீழே இருந்த இரண்டு ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) திறந்து மூடிவிட்டார்கள். கோளாறு இருந்ததோ கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தபோது, கறுப்பு ரப்பரின் மேல் குறுக்காக ஒரு வெள்ளை நூலிழை தெரிந்தது. யாரோ பனியன் துணியால் சேம்பரைத் துடைத்திருக்கிறார்கள். அந்த இழையை எடுத்துவிட்டு மூடினோம். 10⁻⁴ வரை இறங்கியது, அதற்குக் கீழே போகவில்லை. கழற்றி மாட்டிய ஃபிளாஞ்சுகளில் ஒன்று புதிதாகக் கசிய ஆரம்பித்திருந்தது. அதைத் தேடிப் பிடிக்க இன்னொரு நாள் ஆனது.

நான் அடிக்கடி பார்க்கிற தவறு இதுதான். அதிகம் செலவு வைப்பதும் இதுதான். என்ன நோய் என்று தெரியும் முன்பே கத்தியை எடுத்துவிடுகிறோம். ஒரே ஆள் ஓட்டுகிற இயந்திரம் என்றால்கூடப் பரவாயில்லை. பொது இயந்திரத்தில் நேற்று அதைத் தொட்டவர் வேறொருவர். அவர் எதைக் கோட்டிங் போட்டார், எதைக் கழற்றினார், எப்படி மூடினார் என்பது தெரியாமல் நாம் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால், ஒரு கோளாறு இரண்டாகும். அதனால் முதல் வேலை லாக் புக்கைத் திறப்பது. இரண்டாவது வேலை, கடைசியாக ஓட்டியவருக்குப் போன் போடுவது. “என்ன செஞ்சிய?” என்று அதட்டாமல் கேட்டால் முக்கால்வாசிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் ஒரு பரிசோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு பேனாவும் கடிகாரமும் போதும். சேம்பரை முடிந்த அளவு இறக்குங்கள். பம்புக்குப் போகும் வால்வை மூடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறியுங்கள், பதினைந்து நிமிடம். அதை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் வெளியிலிருந்து காற்று வருகிறது, அதாவது லீக். முதலில் வேகமாக ஏறி, பிறகு வளைந்து படிந்தால், சேம்பர் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமும் அழுக்கும் விடுகிற வாயு அது. ஏறவே இல்லை என்றால் சேம்பர் சுத்தம், சந்தேகம் பம்பின் மேல் போக வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் இரண்டு நாள் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

லீக் என்று தெரிந்தபிறகு தேடுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வெளியே பீய்ச்சும் ஹீலியம் உள்ளே வருகிறதா என்று காட்டும் ஹீலியம் டிடெக்டர் இருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள், ஏனென்றால் ஹீலியம் மேலே ஏறும். அது இல்லாமல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சிரிஞ்சில் எடுத்து மூட்டுகளில் சொட்டுவிட்டு கேஜ் துள்ளுகிறதா என்று பார்ப்பதானால், கீழிருந்து மேலே போங்கள், ஏனென்றால் ஆல்கஹால் கீழே ஒழுகும். சூடான டிஃப்யூஷன் பம்ப் (எண்ணெயைக் கொதிக்கவைத்து அதன் ஆவியால் காற்றை இழுப்பது) பக்கத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். எங்கே சொட்டினாலும் கேஜ் அசையவில்லை, ஆனால் கோடு மட்டும் நேராக ஏறுகிறது என்றால், உள்ளே ஏதாவது ஸ்குரூ அடிமூடிய துளையில் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடியில் மாட்டிய காற்று மரை வழியாக மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும். நடுவில் துளை போட்ட ஸ்குரூதான் அதற்கு மருந்து.

இவ்வளவு பாடு எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் முட்டாமல் போகும் தூரம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 10⁻⁵ மில்லிபாரில் அதுவே ஆறு மீட்டருக்கு மேல். அப்போதுதான் டங்ஸ்டன் போட் என்ற, பொருளை வைத்துச் சூடாக்கும் சின்னக் கிண்ணத்திலிருந்து கிளம்பும் அலுமினியம் எதிலும் முட்டாமல் நேரே கண்ணாடியில் போய் உட்காரும். வேக்குவம் மோசமாக இருந்தால் வழியில் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் கலந்து, பளபளவென்று வர வேண்டிய படலம் மங்கிக் கறுத்து வரும். மாணவர் ஆறு மாதம் எடுத்த அளவீடு அத்தனையும் வீண்.

ஓ-ரிங்குக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பாதிக் கோளாறு அங்கேதான். அதை அசிட்டோனால் துடைக்காதீர்கள். பெரும்பாலும் நாம் போடுவது வைட்டான் என்ற ரப்பர். அசிட்டோன் பட்டால் அது ஊறிப் பெருத்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் ஒரு துடைப்பு போதும். பள்ளத்திலிருந்து எடுக்க ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ரப்பர் கிழிந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம், பள்ளத்தில் குறுக்குக் கீறல் விழுந்தால் அந்த ஃபிளாஞ்சே போச்சு. நான் பழைய ஏடிஎம் கார்டின் மூலையை வைத்து எடுக்கிறேன். கிரீஸ் விஷயத்தில் எல்லாருக்கும் கை தாராளம். பூசியதும் ரப்பர் லேசாக மினுங்க வேண்டும், அவ்வளவுதான். அப்பிவைத்தால் கிரீஸ் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சூட்டில் உள்ளேயும் ஆவியாகும். கசியும் மூட்டுக்கு வெளியே பசை தடவி அடைப்பதை மன்னிக்கவே முடியாது. அடுத்த முறை அந்த மூட்டைத் திறக்க வேண்டியவர் உளி கொண்டுவர வேண்டியிருக்கும்.

ரோட்டரி பம்ப் எண்ணெயைக் கண்ணாடி வழியாகத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்களுக்கு இது வழக்கமாக வரும் தொல்லை. இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி நீராகத் திரள்வதுபோல, பம்ப் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் உள்ளேயே நீராகிவிடுகிறது. இதற்காகத்தான் கேஸ் பேலஸ்ட் என்ற சின்னத் திருகு பம்பின் மேல் இருக்கிறது; வொல்ஃப்காங் கேடே 1935இல் கொண்டுவந்த உத்தி. அதைத் திறந்து, சேம்பர் வால்வை மூடி, பம்பை அரைமணி நேரம் ஓடவிட்டால் ஈரம் வெளியேறிவிடும். எண்ணெய் தெளிந்தால் மாற்றத் தேவையில்லை. இந்தத் திருகு எதற்கு என்றே தெரியாமல் மூன்று வருடம் பம்பை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். லிட்டர் லிட்டராக எண்ணெய் மாற்றினார்கள், பாவம். ஈர நாளில் இன்னொன்று: கதவைத் திறந்துவைத்துவிட்டு சாம்பிளைத் தேடப் போகாதீர்கள். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, உலர் நைட்ரஜனை உள்ளே விட்டு வென்ட் செய்து, ஐந்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். சேம்பர் சுவர் குடித்த ஈரத்தை வெளியே எடுக்க மணிக்கணக்காகும்.

டிஃப்யூஷன் பம்ப் இருந்தால், எண்ணெய் சூடாக இருக்கும்போது அதற்குள் காற்றை விடக்கூடாது. அவசரக்காரர்கள் செய்யும் தவறு இது. ஹீட்டரை நிறுத்தியபின் அரைமணி நேரமாவது குளிர்த் தண்ணீரும் பின்னால் துணைக்கு இருக்கும் பேக்கிங் பம்பும் ஓட வேண்டும்.

கரண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. எங்கள் பக்கமும் கரண்ட் போய்விட்டது. போன நேரத்தில் எவாப்பரேஷன் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டியவர் ஸ்விட்சுகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது வேறென்ன செய்ய முடியும்? ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தபோது டிஃப்யூஷன் பம்ப் ஹீட்டர் தானாக ஏறிவிட்டது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஏறவில்லை. குளிர்த் தண்ணீர் இல்லாமல் எண்ணெய் கொதித்து, ஆவி சேம்பர் முழுக்கப் படிந்துவிட்டது. கண்ணாடி ஜன்னலில் விரல் வைத்தால் வழுக்கியது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கழுவி மாட்டப் பொங்கல் தாண்டிவிட்டது.

இதைத் தடுக்கும் சாதனம் நம் ஊர் வயல்களில் எல்லா மோட்டார் ஷெட்டிலும் இருக்கிறது. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில் என்று ஒன்று உண்டு. கரண்ட் போனால் அது விட்டுவிடும், திரும்ப வந்தாலும் யாராவது பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். விவசாயிகள் ராத்திரி எழுந்து போக முடியாமல் அதன்மேல் ஆட்டோ ஸ்விட்ச் வைத்துக்கொள்கிறார்கள், அது அவர்களுக்குச் சரி. ஹீட்டர் உள்ள வேக்குவம் யூனிட்டுக்கு அந்த ஆட்டோ கூடவே கூடாது. தண்ணீர் ஓட்டம் நின்றால் ஹீட்டரையும் நிறுத்துகிற ஃப்ளோ ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆகும் செலவு, ஸ்பட்டரிங்கில் படலத்துக்கான பொருளாக வைக்கும் டார்கெட் என்ற தகடு ஒன்றின் விலைகூட வராது.

கம்பம் சாய்ந்து லைன் வேலை நடந்த பிறகு இன்னொரு ஆபத்து வரும். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். வயலில் தண்ணீர் சரியாக வராது, அவ்வளவுதான். ரோட்டரி பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றினால் எண்ணெயை வேக்குவம் லைனுக்குள் தள்ளிவிடும். அதனால் சேம்பர் பக்க வால்வுகளை மூடி, மோட்டாரை ஒரு நொடி மட்டும் தட்டிவிட்டு, விசிறி அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

சில்லரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். வள்ளியூர், இராதாபுரம் பக்கத்துப் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு குழாய்க்குள்ளும் படியும். தாமிரபரணித் தண்ணீர்தானே என்று ஆற்றுத் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். குடிக்க அமிர்தம், சில்லருக்கு ஆகாது. கையேடு சொல்லும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஸ்பட்டரிங்கில் இது உயிர்நாடி. செம்புத் தகட்டோடு டார்கெட்டை ஒட்டவைக்கப் பெரும்பாலும் இண்டியம் பயன்படுகிறது, அது 157 டிகிரிக்குள் உருகிவிடும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் டார்கெட் கழன்று விழும், பின்னால் உள்ள காந்தமும் சூட்டில் பலம் குறையும். ஜிங்க் ஆக்சைடு, ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) போன்ற பீங்கான் வகை டார்கெட்டுகளுக்கு பவரை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். சூடான தோசைக்கல்லில் பச்சைத் தண்ணீர் பட்ட கதைதான், விரிசல் விடும்.

கேஜ் சொல்வதை அப்படியே நம்புவதும் தவறு. மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் பென்னிங் கேஜ் அழுக்காக இருந்தால், வேக்குவம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டும். வாயு சூட்டைக் கடத்துவதை வைத்து அழுத்தம் அளக்கும் பிரானி கேஜ் காற்றுக்கு அளவிடப்பட்டது. ஆர்கான் விட்டால் உண்மை அழுத்தம் அது காட்டுவதைப்போல் ஏறக்குறைய 1.7 மடங்கு.

பொது இயந்திரம் என்பதால் மட்டுமே வரும் தவறு ஒன்று உண்டு, சொல்லாமல் புதுப் பொருளைப் போடுவது. துத்தநாகம், செலினியம், கந்தகம், காட்மியம் போன்றவை குறைந்த சூட்டிலேயே ஆவியாகிச் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடுத்து தங்கம் போட வருபவரின் படலத்தில் அது கலக்கும். குத்துவிளக்குச் செய்யும் பித்தளையிலும் துத்தநாகம் இருக்கிறது. அதனால் ஹீட்டர் பக்கத்தில் தொலைந்த ஸ்குரூவுக்குப் பதிலாக பஜாரில் வாங்கிய பித்தளை ஸ்குரூவைப் போடாதீர்கள்.

கிளீன்ரூமுக்குள் வருவதற்கும் ஒரு வார்த்தை. முகப் பவுடர், தலையில் பூ, நெற்றியில் திருநீறு மூன்றும் வாசலோடு நிற்க வேண்டும். நம்பிக்கையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நானும் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். கிளாஸ் 1000 அறையில் ஒரு கனஅடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 1000க்கு மேல் இருக்கக்கூடாது. திருநீறு அதைவிட மிக அதிகமாக உதிர்க்கும். முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். ரிப்பேருக்கு வரும் பாகத்தின் அட்டைப்பெட்டியும் வெளியே நிற்கட்டும்.

ரிப்பேர் செய்யத் தனியாகப் போகாதீர்கள். போட்டுக்குப் போவது பத்து வோல்ட் அளவுதான் என்று ஏமாறாதீர்கள், அதில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். பக்கத்திலேயே மின்னொளிர்வால் சுத்தம் செய்யும் குளோ டிஸ்சார்ஜ் சப்ளையும் பென்னிங் கேபிளும் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இருக்கும். மெயினை அணைத்து, பூட்டி, சாவியைத் திறப்பவரே பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறமும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். எர்த் கம்பியால் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

இனி அலமாரி. சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஒரு ஓ-ரிங் வந்து சேர இங்கே ஒரு வாரம் ஆகலாம். கதவு ஓ-ரிங் இரண்டு, ஃபிளாஞ்சுக்கு ஒன்றாக ஓ-ரிங், ஃபியூஸ், ஒரு பம்புக்குத் தேவையான எண்ணெய், படலத்தின் தடிமன் மானிட்டருக்கு நாலு குவார்ட்ஸ் கிரிஸ்டல் எப்போதும் இருக்கட்டும். எந்த ஓ-ரிங் எந்த இடத்துக்கு, உள்விட்டம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு என்று எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். கடைசி ஒன்றை எடுப்பவர் லாக் புக்கில் சிவப்பு மையால் எழுத வேண்டும். எங்கள் லாக் புக்கில் அந்த ஆடி மாதப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இன்னும் இருக்கிறது: “கதவு ஓ-ரிங்கில் நூல். பனியன் துணி இனி உள்ளே வேண்டாம்.” எழுதியது அந்த மாணவி.