பழைய காரில் மைலேஜ் கூட என்ன செய்யலாம்

எதையாவது வாங்கி மாட்டுவதற்கு முன்னால், வண்டி இப்போது எவ்வளவு தருகிறது என்று அளந்து வையுங்கள். டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, பாதிக்கும் கீழே இறங்கும்வரை வழக்கம்போல ஓட்டி, மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். ஒரு டேங்க் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், நாலைந்து டேங்க் சராசரி வேண்டும்.

பழைய வண்டியில் மைலேஜை புதிதாகக் கூட்டுவதைவிட, தொலைந்ததை மீட்பதில்தான் லாபம் அதிகம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட வேண்டாம், சுட்டுவிடும்). ஒன்று மட்டும் அனலடித்தால் அதில் பிரேக் விடாமல் பிடிக்கிறது என்று அர்த்தம். டயரில் காற்றை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். அலைன்மென்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூட்டைப் பொறுத்து கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராது, இன்ஜெக்‌ஷன் வண்டியாக (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் வகை) இருந்தால் அந்தக் கம்ப்யூட்டர், என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும் இதே கதைதான். ஓபிடி-2 போர்ட் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) இருந்தால் ஒரு சின்ன ஸ்கேனரை மாட்டி லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் வழக்கமாக எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) எவ்வளவு என்று பாருங்கள்: பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது, +10-ஐத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம், -10-க்குக் கீழே போனால் தேவைக்கு மேல் எரிபொருள் போகிறது, ஒழுகும் இன்ஜெக்டரில் இருந்து தேட ஆரம்பியுங்கள். அடைத்த ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் வண்டியில் (கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய வகை) மைலேஜைத் தின்னும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இழுவைதான் குறையும். கார்புரேட்டர் என்றால் சோக் (குளிர்ந்த என்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடு) என்ஜின் சூடானதும் முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால் மாற்றங்களுக்கு வரலாம். கூரையில் கேரியர் சும்மா கிடந்தால் கழற்றுங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80-இல் இருந்து 100-க்குப் போனாலே தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும், அதனால் நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்குத்தான் இதில் பலன். காற்றுத் தடையைக் குறைக்க முன் கிரில்லின் ஒரு பகுதியை அடைப்பவர்களும் உண்டு. குளிர் இடங்களில் செய்யலாம், டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் வைத்துக்கொண்டு. டயர் தேய்ந்து மாற்றும்போது உருளும் தடை குறைந்த ரகமாக, அதே அளவில் வாங்குங்கள். அகலமான டயர் பார்க்க அழகு, மைலேஜுக்கு எதிரி.

மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கும், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கிட்டும் அப்படித்தான்: அதற்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது அதே என்ஜின், அதே பெட்ரோல், நடுவில் நஷ்டம் வேறு. கார்புரேட்டர் ஜெட்டைச் (பெட்ரோல் வரும் துளையை) சின்னதாக்கி மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறி, எக்ஸாஸ்ட் வால்வு கருகி, மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவு வைக்கும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் எரிபொருளையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்காக (என்ஜின் அணையாமல் ஓட) பெட்ரோலைக் குடிக்கும். வண்டி கைக்குள் நிற்பதும் கியரில்தான். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து டேங்க் கணக்கைப் பாருங்கள், இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.