பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி பொருந்தும்? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகி நிற்பதற்கே சில நிமிடங்கள் ஆகிறதென்றால், பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். ஒவ்வொரு தகவலுக்கும் அதன் தலை நகர்ந்து, தட்டு சுற்றி வர 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவான எஸ்எஸ்டிக்கு ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி போதும். விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் தேடல்கள் நடப்பதால், பிராசஸரை மாற்றாமலே கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகிவிடும். ஆனால் உங்கள் மதர்போர்டு ஏற்காத எஸ்எஸ்டியை வாங்கினால் பணம் வீண். அதனால் கடைக்குப் போகும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

படி 1: மதர்போர்டின் பெயர்

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். 'பேஸ்போர்டு பிராடக்ட்' என்ற வரியில் மாடல் இருக்கும். பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் கேபினெட்டில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணே போதும். அதை வைத்து நிறுவனத்தின் தளத்திலிருந்து மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: எந்த இணைப்பு இருக்கிறது?

இதுதான் முக்கியமான இடம், அவசரப்படாதீர்கள். இன்டெல் எச்61 சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) உள்ள போர்டை எடுத்துக்கொள்வோம். 2011-இல் வந்த சிப்செட் இது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 பிராசஸர்களோடு ஓடும். டிரைவைக் கேபிளால் மதர்போர்டோடு இணைக்கும் முறைக்குச் சாட்டா என்று பெயர். இந்தச் சிப்செட் தருவது சாட்டா 2 போர்ட்டுகள் மட்டும். அதன் உச்ச வேகம் விநாடிக்கு 300 எம்பி; கையில் கிடைப்பது சுமார் 270. இன்றைய எஸ்எஸ்டிகள் சாட்டா 3 வகை, 550 வரை போகும். அவற்றைப் பழைய போர்ட்டில் தாராளமாக மாட்டலாம், வேகம் மட்டும் குறையும். பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போதுதான் அந்தக் குறை தெரியும். அன்றாட வேலையில் அநேகமாகத் தெரியாது. எச்81 போர்டு என்றால் இரண்டு போர்ட்டுகள் சாட்டா 3. எவை என்பது போர்டிலேயே அச்சாகியிருக்கும்; அவற்றில் ஒன்றில் மாட்டுங்கள்.

சரி, குட்டியாக இருக்கும் எம்.2 என்விஎம்இ வகையை (எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவம், என்விஎம்இ என்பது சாட்டாவைவிட வேகமான இணைப்பு முறை) வாங்கலாமா? எச்61 போன்ற போர்டுகளில் அதற்கு இடமே கிடையாது. அடாப்டர் கார்டு போட்டு மாட்டினாலும், பயாஸுக்கு (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) என்விஎம்இ தெரியாததால் அதிலிருந்து விண்டோஸ் தொடங்காது. உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா, என்விஎம்இயா, இரண்டுமா என்று மேனுவலில் பாருங்கள். ஸ்லாட்டில் நுழைந்துவிட்டாலே வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். பத்து வருடத்துக்கு மேலான டெஸ்க்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைத்தான் நான் சொல்வேன்.

படி 3: எதை வாங்குவது?

விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் 250 ஜிபி போதும். விலை வித்தியாசம் அதிகமில்லை என்றால் 500 ஜிபி நல்லது. படங்கள், வீடியோக்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். வாரண்டியையும் டிபிடபிள்யூவையும் ஒப்பிடுங்கள். டிபிடபிள்யூ என்பது மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும் வரை நிறுவனம் பொறுப்பேற்கிறது என்ற கணக்கு. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300, குரூஷியல் எம்எக்ஸ்500-க்கு 180. இரண்டுக்கும் 5 வருட வாரண்டி. இவற்றில் டிரேம் (டிரைவின் வேகத்துக்கு உதவும் தற்காலிக நினைவகம்) உண்டு. குரூஷியல் பிஎக்ஸ்500 போன்றவற்றில் அது இல்லை, வாரண்டி 3 வருடம். வீட்டு உபயோகத்துக்கு அதுவும் போதும். பெயர் தெரியாத பிராண்டில் அடிமட்ட விலைக்கு 2 டிபி என்று வருபவற்றை மட்டும் தொடவே தொடாதீர்கள். உள்ளே சொன்ன அளவு இருக்காது, உங்கள் ஃபைல்கள் போய்விடும்.

படி 4: கூடவே வாங்க வேண்டியவை

பெட்டியில் பெரும்பாலும் கேபிள் இருக்காது. ஒரு சாட்டா டேட்டா கேபிளும், 3.5 அங்குல இடத்தில் பொருத்த ஒரு பிராக்கெட்டும் வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டி) சாட்டா பவர் வயர் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: பயாஸ் செட்டிங்

சாட்டா மோட் (டிரைவோடு கம்ப்யூட்டர் பேசும் முறை) பழைய 'ஐடிஇ' என்று இருந்தால், எஸ்எஸ்டிக்கு ஏற்ற 'ஏஹெச்சிஐ' ஆக்க வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போடப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஓடும் விண்டோஸ் 10-ஐக் குளோன் செய்வதாக (அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதாக) இருந்தால் நேரடியாக மாற்றாதீர்கள், நீலத்திரை வரும். முதலில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' வழியாக சேஃப் பூட் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், பயாஸில் மாற்றுங்கள், சேஃப் மோடில் ஒரு தடவை திறந்த பிறகு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் முக்கியமான ஃபைல்களை முன்கூட்டியே வேறொரு டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். புதிதாக விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதை நீக்கினால் கம்ப்யூட்டர் தொடங்காது. எல்லாம் முடிந்ததும் கேபிளைத் திரும்ப மாட்டி, பயாஸில் எஸ்எஸ்டியை முதல் பூட் டிரைவாக வையுங்கள்.