டைமிங் பெல்ட் மாட்டும்போது கேம் கியரை மார்க்கில் நிறுத்துவது

மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்), அவற்றைக் கிராங்கோடு சேர்த்துச் சுற்றும் டைமிங் பெல்ட், வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினை வைத்துச் சொல்கிறேன். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் கியரில் 20 பல் இருந்தால், ஒரு பல் தவறினாலே 18 டிகிரி போச்சு. ஸ்டார்ட் ஆனாலும் வண்டி இழுக்காது. இன்னும் தள்ளிப்போனால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளைந்துவிடும்.

முதலில் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கம்ப்ரஷன் இல்லாவிட்டால் கிராங்க் கைக்கு லேசாகச் சுற்றும், உள்ளே ஏதாவது இடித்தாலும் கையிலேயே தெரியும். கியர்களை நேராக நிறுத்துவதற்கான அடையாளங்களான மார்க்குகளைத் துடைத்து வெள்ளை பெயிண்ட் தொட்டு வையுங்கள். கிராங்க் பக்கம் பலர் குழம்புவார்கள்: புல்லியில் இருப்பது வேறு மார்க். புல்லியைக் கழற்றியபின் பார்க்க வேண்டியது பல் கியரில் உள்ள மார்க்கை; அது எதற்கு நேராக நிற்க வேண்டும் என்பதை அந்த எஞ்சினின் மேனுவலில் பாருங்கள்.

பெல்ட் இல்லாத நேரத்தில் கேமைத் திருப்பினால் வால்வு ஸ்பிரிங் தள்ளி அது சட்டென்று துள்ளும். அதனால் முதலில் கிராங்கை டாப்பிலிருந்து (முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கால் சுற்று பின்னால் கொண்டுபோங்கள். நான்கு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், எந்த வால்வு திறந்தாலும் இடிக்காது. அப்புறம் கேமின் அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் போட்டு இரண்டு கேமின் மார்க்கையும் சேர்த்துவிட்டு, கிராங்கை டாப்புக்குக் கொண்டுவாருங்கள். கேம் கியர் போல்ட்டை இறுக்கும்போதும் அந்த ஸ்பேனர்தான் கேமைப் பிடிக்க வேண்டும். பெல்ட்டை நம்பிப் பிடித்து இறுக்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பெல்ட்டைக் கிராங்கில் போட்டு, டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளை) இல்லாத பக்கமாக விறைப்பாக மேலே கொண்டுபோங்கள். இரண்டு கேமுக்கும் நடுவிலும் தொய்வு கூடாது. தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் மட்டுமே சேர வேண்டும். டென்ஷனரை விட்டதும் மார்க் அரைப் பல் நகர்ந்தால், தொய்வு தப்பான பக்கத்தில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி போடுங்கள், "பரவாயில்லை" என்று விடாதீர்கள்.

சரி, இப்போது கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று, கையால் மெதுவாக. கேம் போல்ட்டில் திருப்பாதீர்கள். கெட்டியாகத் தடுத்தால் நிறுத்துங்கள், அழுத்தம் கொடுக்காதீர்கள். ஒரு சுற்றில் கேம் மார்க் எதிர்ப்பக்கம் போய் நிற்கும், பயப்பட வேண்டாம். இரண்டாவது சுற்றின் முடிவில் எல்லா மார்க்கும் திரும்பி நேராக வர வேண்டும். வராவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது.

செயின் எஞ்சின் என்றால், செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இரண்டு சுற்றில் மறுபடி மார்க்குக்கு வராது. அவை மாட்டும்போது மட்டும்தான் உதவும்; கியர் மார்க்குகள் சேர்ந்திருந்தால் போதும். அதன்பிறகு கவரை மூடி, பிளக்குகளை மாட்டுங்கள்.