ஆபிரிக்கப் பெண்களின்ரை நாவல்களை எங்கட ஊரிலை கூட்டாச் சேந்து வாசிக்கிறது எப்பிடி

ஆபிரிக்க இலக்கியம் எண்டு கேட்டா எங்கட பக்கத்திலை கனபேர் உடனை சொல்லுறது நைஜீரியாவின்ரை சினுவா அச்செபேயைத்தான், என்.கே. மகாலிங்கம் அவற்றை 'திங்ஸ் ஃபோல் அப்பார்ட்' நாவலைச் 'சிதைவுகள்' எண்டு தமிழிலை தந்ததும் ஒரு காரணம். நல்ல நாவல், கட்டாயம் வாசிக்க வேணும். ஆனா அதிலை கதாநாயகன் ஒக்கொங்வோ பொஞ்சாதிக்கு அடிக்கேக்கை நாங்கள் அவன்ரை பக்கத்திலை நிண்டுதான் பாக்கிறம், அடி வாங்கினவா அண்டைக்கு ராத்திரி என்ன யோசிச்சா எண்டு அதிலை வராது. அதை எழுத வந்த பொம்பிளையள் ஒரு பெரிய வரிசையே இருக்கினம், அவையளை வாசிக்க ஒரு நாலு பேர் சேந்தாலே காணும், எப்பிடித் தொடங்கிறது எண்டுதான் இதிலை எழுதிறன்.

முதல் விசயம், தியரியிலை தொடங்காதேங்கோ. கம்பஸ் பிள்ளையள் செய்யிறது இதுதான், பெண்ணியம் எண்டா என்ன, அது எத்தினை வகை, ஆபிரிக்காவிலை அது எப்ப வந்தது எண்டு நோட்ஸ் அடிச்சு முடிச்சிட்டுப் பிறகு நாவலுக்குள்ளை அதைத் தேடுறது. அப்பிடி வாசிச்சா உதாரணம் கிடைக்கும், மனுசர் கிடைக்கமாட்டினம். முதல் கதை, பிறகு கேள்வி, கடைசியாத்தான் தியரி.

முதல் புத்தகமா நான் சொல்லுறது சிம்பாப்வேயின்ரை சிற்சி டங்கரெம்கா 1988 இலை எழுதின 'நேர்வஸ் கொண்டிஷன்ஸ்'. தம்பி செத்தாலும் தமையன் செத்தாலும் அழத்தானே வேணும், இந்த நாவல் தொடங்கிறதே தமையன் செத்ததுக்கு நான் கவலைப்படேல்லை எண்டு ஒரு பெட்டை சொல்லுறதோடைதான். ஏன் அப்பிடிச் சொல்லுறா எண்டு விளங்க அதிலை வாற சோளத் தோட்டப் பகுதியை வாசிப்பு வட்டத்திலை சத்தமா வாசியுங்கோ. வீட்டிலை காசு இல்லை, தமையன் ந்ஹாமோவுக்கு மட்டும் எப்பிடியோ பள்ளிக்கூடக் காசு வரும், கதை சொல்லுற பெட்டை தம்புவுக்கு இல்லை. தேப்பன் கேக்கிறான், புத்தகத்தைக் காய்ச்சிப் புருசனுக்குச் சாப்பாடு போடுவியோ எண்டு. அவள் விதை வாங்கி, கொத்தி, தண்ணி ஊத்தி, களை பிடுங்கிச் சோளம் வளக்கிறாள், அது முத்தி வரேக்கை தமையன் அதைக் களவா முறிச்சுக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்திலை பெடியளுக்குக் குடுக்கிறான். பிறகு ஒரு வாத்தியார் அவளை ரவுனுக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு வெள்ளைக்காரி பத்துப் பவுண் குடுக்க, அந்தக் காசும் தனக்குத்தான் சேரவேணும் எண்டு தேப்பன் பள்ளிக்கூடத்துக்கே போய் நிக்கிறான். வீட்டிலை ஒருத்தரைத்தான் படிப்பிக்கலாம் எண்டு வந்த நேரம் ஆர் நிண்டது எண்டு எங்கட எத்தினை அம்மம்மாமாருக்குத் தெரியும். அதுக்குள்ளை பெரியப்பா பாபாமுகுரு இருக்கிறார், குடும்பத்தையே தூக்கி விட்டவர், அவரை மறுத்துக் கதைக்க ஒருத்தருக்கும் ஏலாது. அவற்றை மனிசி மைகுரு மாஸ்ரேர்ஸ் முடிச்சவா, அது ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது, உழைக்கிற சம்பளமும் அவவின்ரை கையிலை இல்லை. இவ்வளவும் ஒரு புத்தகத்திலை கிடக்கிறபடியாத்தான் இதிலை தொடங்கச் சொல்லுறன், முதல் கூட்டத்திலை ஒருத்தரும் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டினம்.

வாசிக்கேக்கை பென்சிலோடை இருங்கோ. மூண்டு விசயம் வாற இடத்திலை எல்லாம் ஓரத்திலை கோடு போடுங்கோ: காசு ஆரின்ரை கையிலை, காணி வீடு ஆரின்ரை பேரிலை, பிள்ளை ஆருக்குச் சொந்தம். இவள் பெமினிஸ்டோ இல்லையோ எண்டு தொடங்கினா கூட்டம் பட்டிமன்றமாப் போயிடும். இந்த மூண்டையும் பிடிச்சுக்கொண்டு போனா கதை தானா வாய் திறக்கும்.

அடுத்தது ப்ளோரா ந்வாபாவின்ரை 'எஃபுரு', 1966. நைஜீரியப் பெண் ஒராள் இங்கிலிசிலை எழுதி வெளிநாட்டுப் பதிப்பகம் போட்ட முதல் நாவல். எஃபுரு நல்ல யாவாரக்காரி, கை வைச்ச இடமெல்லாம் காசு, ஆனா ஒரேயொரு பிள்ளை செத்துப்போகுது, முதல் புருசன் விட்டிட்டுப் போறான், ரெண்டாவது புருசன் அவள் வருத்தமாக் கிடக்கேக்கை ஒழுக்கத்திலை சந்தேகப்படுறான். அந்த இடத்திலை அஜனுபு எண்ட மாமி நியாயம் கதைக்க, அவன் அவவுக்கு அறைய, அவா உலக்கையை எடுத்து அவன்ரை மண்டையிலை போடுறா. எங்கட ஊரிலையும் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு அஜனுபு இருக்கிறா, பக்கத்து வீட்டுச் சண்டைக்குள்ளை போய் நிக்கிற அந்தப் பெரியம்மாமாரை ஒரு நாவல் இவ்வளவு மரியாதையா வைச்சிருக்கிறது எனக்கு நல்லாப் பிடிக்கும்.

இதிலை ஒரு எச்சரிக்கை. அங்கை கலியாணத்துக்குக் குடுக்கிறது மாப்பிளை பகுதி, பொம்பிளை வீட்டுக்கு. எஃபுரு அந்தக் காசு குடுபடாமலே ஓடிப்போய்க் குடும்பம் நடத்தி, பிறகு ரெண்டு பேருமாச் சேத்துக் கட்டுறது ஏன் அவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்க இது தெரியவேணும். எங்கட சீதனத்தை அப்பிடியே கொண்டுபோய் அதிலை பொருத்தினா எல்லாம் தலைகீழாப் போகும். அதே நேரம் இந்த இடத்திலை எங்கட யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமையையும் எடுத்துக் கதையுங்கோ. வீடு மகளின்ரை பேரிலை எழுதுபடும், பெருமையாச் சொல்லுவம், ஆனா கலியாணம் கட்டினவா அந்த வீட்டை விக்கிறதெண்டா புருசன் எழுத்திலை சம்மதம் தரவேணும். உங்கட வட்டத்திலை காணி உறுதி எழுதப் போன அக்கா ஒராள் இருந்தா அவவைக் கதைக்க விடுங்கோ.

இனி நைஜீரியாவின்ரை புச்சி எமெச்செட்டா. 1979 இலை வந்த 'த ஜோய்ஸ் ஒவ் மதர்ஹூட்'. 'எஃபுரு' நாவலின்ரை கடைசி வரியிலை இருந்து எடுத்த தலைப்பு, அதாலைதான் ரெண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுறது. எஃபுருவுக்குப் பிள்ளை இல்லை, இதிலை வாற ந்னு ஏகோவுக்குப் பிள்ளையள் கனக்க, முதல் பிள்ளை செத்த உடனை லாகோஸ் பாலத்திலை இருந்து குதிக்க ஓடினவா, பிறகு பெத்துப் பெத்து, விறகு வித்துச் சிகரட் வித்து வளத்து ஆளாக்கினவா. ஒரு மகன் அமெரிக்காவிலை, மற்றவன் கனடாவிலை. தாய் றோட்டுக் கரையிலை தனியச் செத்துப்போறா. பிறகு பிள்ளையள் கடன் பட்டு ஊரே வாய் பிளக்கிற மாதிரிச் செத்தவீடு செய்யினம். இதைப் பற்றி நான் என்னத்தை விளங்கப்படுத்த, கோப்பாயிலையும் கரவெட்டியிலையும் பூட்டின வீடுகளுக்கு நடுவிலை தனிய இருக்கிற அம்மாமாரைத் தெரிஞ்ச ஆருக்கும் விளங்கும். ஆனா பிள்ளையளைத் திட்டுறதோடை கூட்டத்தை முடிக்காதேங்கோ. அடாக்கு எண்டு ஒருத்தி இருக்கிறா, புருசன்ரை தமையன் செத்தபிறகு முறைப்படி இந்த வீட்டுக்கு வந்த சக்களத்தி, ஆம்பிளைப் பிள்ளை இல்லை எண்டு இளக்காரப்பட்டவா, ஒரு நாள் பொம்பிளைப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டுத் தன்ரை காசிலை பிள்ளையளைப் படிப்பிக்கிறா. வாசிக்கிற ஆக்கள் ஊர் கதைச்ச மாதிரியே அவவை நடத்தை கெட்டவள் எண்டு தள்ளிவிடுவினம், அந்தத் தள்ளலைத்தான் வட்டத்திலை பிடிக்கவேணும்.

மரியாமா பா எழுதின 'சோ லோங் எ லெற்றர்' சின்னப் புத்தகம், ரெண்டு கூட்டத்திலை முடிக்கலாம். பிரெஞ்சிலை 1979, இங்கிலிசிலை 1981, செனகல் நாட்டுக் கதை. புருசன் செத்து இத்தா (முஸ்லிம் விதவையள் துக்கம் காக்கிற காலம்) இருக்கிற ரமத்துலாயி, 12 பிள்ளையளின்ரை தாய், சிநேகிதிக்கு எழுதிற கடிதம். புருசன் மூத்த மகளின்ரை சிநேகிதியையே ரெண்டாந்தாரமாக் கட்டினவன். அதே மாதிரி நடந்த சிநேகிதி ஐசத்து விட்டிட்டுப் போட்டா, இவா விடாமல் இருந்தா, ஆர் சரி எண்டு புத்தகம் தீர்ப்புச் சொல்லாது, நீங்களும் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸிலை பிள்ளையளோடை அல்லாடுறதைக் கேள்விப்பட்டு ஐசத்து ஒரு ஃபியாற் கார் வாங்கிக் குடுக்கிறா, அந்தப் பக்கத்தை விடாதேங்கோ, சிநேகிதம் எண்டா என்ன எண்டு அங்கைதான் கிடக்குது. இந்தப் புத்தகத்துக்குச் சோனகதெருப் பக்கத்து முஸ்லிம் அக்காமாரையும் கூப்பிடுங்கோ, இத்தாவைப் பற்றி நாங்கள் ஊகிச்சுக் கதைக்கிறதிலும் அவையள் சொல்லுறதைக் கேக்கிறது நல்லது.

கஷ்டமான இடங்கள் வரும். கானாவின்ரை அமா அத்தா ஐடூ 1991 இலை எழுதின 'சேஞ்சஸ்' நாவலிலை எசியைப் புருசன் பலாத்காரம் பண்ணுறான், அண்டையோடை அவள் அவனை விடுறாள். எகிப்தின்ரை நவால் எல் சாதாவி டொக்டர், சின்னப் பிள்ளையா இருக்கேக்கை தனக்கே பெண்ணுறுப்பை வெட்டினதை எழுதினவா, அவவின்ரை சிறைக் கதை 'சூன்யப் புள்ளியில் பெண்' எண்டு தமிழிலையும் வந்திருக்குது. 'எஃபுரு'விலையும் அந்த வெட்டுறது வருது, ஆனா ஊர்ச் சடங்கு மாதிரிச் சும்மா சொல்லிக்கொண்டு போவா ந்வாபா. ரெண்டையும் பக்கத்திலை வைச்சு வாசியுங்கோ. "ஐயோ காட்டுமிராண்டியள்" எண்டு ஆரும் தொடங்கினா அந்த இடத்திலையே மறியுங்கோ, அதை எதிர்த்து முன்னுக்கு நிண்டதும் அந்த நாட்டுப் பொம்பிளையள்தான். இப்பிடிப் பக்கங்கள் வாற கிழமைக்கு முன்கூட்டியே வட்ஸ்அப்பிலை சொல்லி வையுங்கோ, வர ஏலாதவை வராமல் விடட்டும். சொந்தக் கதை சொல்லச் சொல்லி ஒருத்தரையும் நெருக்கக் கூடாது, சொன்னது வெளியிலை போகவும் கூடாது. யாழ்ப்பாணம் சின்ன ஊர். பெடியள் வந்தா நல்லது, ஆனா முதல் சுற்று பொம்பிளையள் கதைச்சு முடியட்டும்.

இப்ப தியரிக்கு வரலாம், நாலைஞ்சு நாவல் முடிஞ்ச பிறகு. எமெச்செட்டா சொன்னவா, தான் பெமினிஸ்ட் எண்டா, பெரிய 'F' இல்லை, சின்ன 'f' போட்டு எழுதிற ஆபிரிக்கப் பெமினிஸ்ட் எண்டு. ஒகுன்யெமி 1985 இலை வுமனிசம், அதாவது கறுப்புப் பொம்பிளையளின்ரை வாழ்க்கையிலை இருந்து வாற பெண்ணியம், எண்டு கட்டுரை எழுதினவா, ஒபியோமா ந்நேமேகா விட்டுக்குடுத்தும் பேரம் பேசியும் போறதை நெகோ-பெமினிசம் எண்டு சொன்னவா. ஒயெரொங்கே ஒயெவுமி 1997 இலை எழுதினதுதான் பெரிய வாக்குவாதம், வெள்ளைக்காரன் வரமுதல் நைஜீரியாவின்ரை யொரூபா ஆக்களிட்டை ஆண் பெண் எண்டதிலும் மூப்புத்தான் பெரிசு எண்டுறா. ஒத்துக்கொள்ள வேணும் எண்டில்லை, நான் முழுக்க ஒத்துக்கொள்ளவும் இல்லை, மாமியார் மருமகளுக்கு மேலை வைச்சிருக்கிற அதிகாரத்தைப் பாத்த எங்களுக்கு மூப்பு எண்டது பொம்பிளையளுக்குள்ளையும் எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரியும்தானே. 1929 இலை நைஜீரியாவின்ரை இக்போப் பொம்பிளையள் வரிக்கு எதிரா வெள்ளைக்காரன் வைச்ச தலைவர்மாரின்ரை வீட்டு வாசலிலை போய்ப் பாடி ஆடி மறியல் செய்ததையும், அதிலை 50 பேருக்கு மேலை சுட்டுக் கொன்றதையும் இந்தக் கூட்டத்திலை சொல்லுங்கோ, பெண்ணியம் மேற்கிலை இருந்து வந்த சாமான் எண்டு சொல்லுறவைக்கு அது காணும்.

எங்கட புத்தகத்தையும் பக்கத்திலை வைச்சுக் கொள்ளுங்கோ. மங்களநாயகம் தம்பையாவின்ரை 'நொறுங்குண்ட இருதயம்' 1914 இலையே வந்தது, புருசன்ரை கொடுமை பற்றித்தான். 1986 இலை வந்த 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பிலை இருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒண்டு வாசிச்சா நல்லாப் பொருந்தும். ரெண்டையும் இணையத்திலை நூலகம் தளத்திலை தேடிப் பாருங்கோ.

ஆபிரிக்கப் புத்தகம் எடுக்கிறதுதான் கஷ்டம். அந்த நாளிலை நைஜீரியா, சாம்பியா எண்டு படிப்பிக்கப் போன ரீச்சர்மாரின்ரை வீட்டு அலுமாரியளைக் கேளுங்கோ, ஹைன்மன் பதிப்பகம் போட்ட செம்மஞ்சள் அட்டைப் புத்தகங்கள் கிடக்கும். கொழும்பிலை, லண்டனிலை இருந்து வாற ஆக்களிட்டையும் சொல்லி விடலாம். இங்கிலிஸ் ஓடாதவையை விட்டிட்டு வாசிக்காதேங்கோ, ஒராள் ஒரு அத்தியாயத்தை எங்கட கதையிலை சொல்லி வொய்ஸ் மெசேஜா போட்டா சமைச்சுக்கொண்டும் கேப்பினம். இடம் சனசமூக நிலையம் காணும், ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்குத் தொடங்கினா கடைசி பஸ்ஸுக்கு முதல் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம், பிள்ளை இருக்கிறவை பிள்ளையையும் கொண்டு வரட்டும், பாய் விரிச்சு ஒரு பக்கம் விளையாட விடுங்கோ.