மணநாளுக்குச் சிவனொளிபாதமலை: சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்க

திருமண நாளை மலையில் கழிக்க விரும்பும் தம்பதியர் யார் கேட்டாலும் உச்சியில் புனிதப் பாதச்சுவடு உள்ள சிவனொளிபாதமலையைத்தான் நான் சொல்வேன். உயரம் 2,243 மீற்றர். இலங்கையில் இதைவிட உயர்ந்த சிகரங்கள் உண்டு. ஆனால் இரவில் விளக்கொளியில் படியேறி, உச்சியில் விடியலைப் பார்த்துவிட்டு இறங்கும் பாதை இது ஒன்றுதான். என் கணவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். யாத்திரைக் காலத்தில் அவர்களுடைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் மலைமேல் ஏறும் விளக்கு வரிசை தெரியும். தை மாதத்தில் திருமணம் செய்துகொண்ட எங்களுக்கு வேறு மலை தேட வேண்டியிருக்கவில்லை.

யாத்திரைக் காலம் டிசம்பர் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணையுடன் முடிகிறது. உங்கள் மணநாள் அதற்கு வெளியே விழுந்தால் கொண்டாட்டத்தைத் தள்ளிவையுங்கள். மற்ற மாதங்களில் பாதை விளக்குகள் எரியாது, தேநீர்க் கடைகள் மூடியிருக்கும், மழையும் மூடுபனியும் அட்டையும்தான் துணை. காலத்துக்கு உள்ளேயும் பூரணை விடுமுறையான போயா தினங்களையும் வார இறுதிகளையும் தவிருங்கள். கூட்டம் மிகுந்தால் உச்சிக்குக் கீழே உள்ள ஒடுங்கிய படிகளில் வரிசை நகராமல் நிற்கும். விடியலை அங்கேயே நின்று பார்க்க வேண்டியதாகிவிடும். சனிக்கிழமை மணநாளைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றுவதில் குறையொன்றும் இல்லை. என் விருப்பம் ஜனவரிக் கடைசியும் பெப்ரவரியும். அப்போது வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

ஏறுவதற்குப் பல வழிகள் உள்ளன. இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தல வழியாக வரும் பாதை பழையது, நீளமானது, கடினமானது. முதல்முறை இருவராகப் போகிறவர்கள் ஹட்டன் பக்கத்து நல்லதண்ணி வழியையே எடுங்கள். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ரயிலில் ஹட்டன், அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. மண்சரிவினால் மலையகப் பாதையில் ரயில் நிற்பதுண்டு. ஆகவே புறப்படுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பிற்பகலுக்குள் அறைக்குப் போய்ச்சேருங்கள். இரவு உணவை ஏழு மணிக்கே, வயிறு கனக்காத அளவில் முடித்துவிட்டு உறங்குங்கள்.

உடம்பைத் தயார் செய்வது ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நல்லதண்ணி வழியில் ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு படிகள். படிகளெல்லாம் ஒரே உயரம் அல்ல. சில முழங்கால் வரை வரும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் வாங்கும் அடி நின்றாலும் தீராது. ஆகவே மாடிப்படிகளில் ஏறிப் பழகுவதைவிட இறங்கிப் பழகுவது முக்கியம். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பக்கூடாது.

பையில் ஆளுக்கொரு லீற்றர் தண்ணீர், பேரீச்சம்பழம், வறுத்த கடலை, டோர்ச், மழை அங்கி, வலிக்குத் தடவும் சித்தாலேப டப்பி. கம்பளிச் சட்டையும் தொப்பியும் பைக்குள்ளேயே இருக்கட்டும். அவற்றைப் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்வையில் நனைந்து, உச்சிக் காற்றில் நடுங்க நேரிடும். மேலே போட்டுக்கொள்ள ஒரு உலர்ந்த சட்டை, ஒரு சோடி தடித்த காலுறை. பாதத்தருகே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், விடியலுக்கு முன் அந்தத் தரை பனிக்கட்டியாய்ச் சில்லிடும். காலுறையை மறந்தவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுபோகாதீர்கள். இந்தக் காடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் பகுதி. சிறுத்தை வாழும் காடு.

இரண்டு மணிக்குப் புறப்படுங்கள். பத்து மணிக்கே கிளம்பி நள்ளிரவு கடந்ததும் உச்சியை அடைந்துவிட்டால், விடியும் வரை குளிரில் சுருண்டு கிடக்க வேண்டும். நடுத்தர வேகத்தில் மூன்று, மூன்றரை மணி நேரம் போதும். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே பாதை முதலில் மென்மையாகத்தான் ஏறும். ஜப்பானியர் கட்டிய வெண்ணிறச் சமாதானத் தூபியைக் கடந்து, சீத கங்குல ஓடையில் முகம் கழுவிக்கொள்ளுங்கள். உண்மையான ஏற்றம் அதற்குப் பிறகுதான்.

இருவரில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். வேகமானவர் முன்னால் போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்று இளைப்பாறுவார். பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் அவர் மறுபடி கிளம்பிவிடுவார். களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது, மனமும் நோகும். எங்கள் வீட்டில் நான்தான் மெதுவாக நடப்பவள். அவர் எனக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி வருவார், என் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடப்பார், நான் சொல்லாமலே நிற்பார். இன்னும் ஒன்றைக் கீழேயே பேசி முடித்துவிடுங்கள்: ஒருவருக்கு முடியாமல் போனால் இருவரும் திரும்புவது. கடைசிக் கடையில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு மற்றவர் உச்சிக்குப் போகக்கூடாது. அந்த உடன்பாடு இருந்தால் களைத்தவர் வலியை மறைக்க மாட்டார்.

வழியில் நிறைய நேரம் உட்காராதீர்கள், உடம்பு குளிர்ந்துவிடும். ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ, மேலே இன்னொரு கடையில் ரொட்டியும் சம்பலும், அவ்வளவு போதும். சில்லறைத் தாள்கள் கையில் இருக்கட்டும். வழியில் இந்திகட்டுபானை என்ற இடத்தில் யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் செலுத்துவார்கள். புத்தர் தம் காவியைத் தைத்த இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. இறங்கி வரும் சிங்களக் கூட்டங்கள், ஏறுகிறவர்களுக்கு இம்மலையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்தின் துணை வேண்டிப் பாடும். வயதான அம்மாக்கள் பேரப்பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பாடிப் போவதைக் கேட்டால் கால்வலி பாதி குறையும். பாதம் சிவனுடையது என்பார்கள் நம்மவர்கள், புத்தருடையது என்பார்கள் பௌத்தர்கள், ஆதமுடையது என்பார்கள் முஸ்லிம்கள். எல்லாரும் ஒரே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறோம்.

உச்சியில் ஒவ்வொருவரும் தாம் வந்த தடவைக்கு ஒன்றாக மணியை அடிப்பது வழக்கம். சூரியன் எழுந்ததும் கூட்டம் கிழக்கிலேயே நிற்கும். நீங்கள் உடனே மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக முகில்மேல் விழுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது சுருங்கிப்போகும். படம் எடுப்பதென்றால் அங்கே எடுங்கள்.

இறக்கத்தில் அவசரப்படவே வேண்டாம். பக்கவாட்டில் திரும்பிக் காலை வையுங்கள், கம்பியை விடாதீர்கள். உயரமான படிகளில் ஒருவர் முதலில் இறங்கி மற்றவருக்குக் கை கொடுங்கள். இரவில் காணாத மவுசாகலை நீர்த்தேக்கம் இப்போது கீழே பளபளக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள்.

அன்றே ஊர் திரும்பத் திட்டமிடாதீர்கள். வெந்நீர்க் குளியல், சோறும் பருப்பும், முழங்காலுக்குச் சித்தாலேப, மாலை வரை உறக்கம். இரண்டாவது இரவுக்கும் அறையை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். கீழ்த்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள்.