சிங்கோனா பட்டை: ‘மூலிகைதானே’ என்று ஏமாற வேண்டாம்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில், நடுவட்டத்தில், ஒரு காலத்தில் கொயினா, அதாவது மலேரியா மருந்தான குயினைன், தயாரிக்கும் தொழிற்சாலை இருந்தது. அதற்குப் பட்டை தந்த சிங்கோனா மரம் நம் மலைக்கு உரியதல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளின் ஈரக்காடுகளிலிருந்து 1860-களில் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. இன்றைய ஈக்வடாரின் லோஹா பகுதியில் காய்ச்சலுக்கு அந்தப் பட்டையைக் கொடுத்துவந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் வழியாக அது ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

இப்போது பட்டைப்பொடி ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஒரு ஸ்பூன் போட்டுக் கஷாயம் வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பட்டையில் இருக்கும் குயினைன் எல்லா மரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலவற்றில் 2 சதவீதம்கூடத் தேறாது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த வகையிலோ 10 சதவீதத்தையும் தாண்டும். உங்கள் ஸ்பூனில் எது வந்தது என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே கசக்கும். 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் குயினைனைத் தனியே பிரித்தார்கள். அதன்பிறகு மருத்துவர்கள் பட்டையை விட்டு அதற்கு மாறினார்கள் என்றால், அளந்து கொடுக்க முடிந்தது ஒரு முக்கியக் காரணம். அளவு மீறினால் காதில் இரைச்சல், தலைசுற்றல், பார்வை மங்கல் வரும். இதயத் துடிப்பும் தடுமாறும்.

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று இதைச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். சிலருக்குக் குறைந்த அளவு குயினைனே ரத்தத் தட்டணுக்களைச் சரித்துவிடும். கால் பிடிப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-லேயே எச்சரித்தது.

மலேரியா என்று சந்தேகம் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஃபால்சிபாரம் வகை சில நாட்களிலேயே ஆளைக் கொல்லக்கூடியது. அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இன்று அந்த வகைக்கு முதலில் கொடுப்பதும் குயினைன் அல்ல, ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து.

கொரோனா நேரத்தில் எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவைத்தால் குயினைன் கிடைக்கும் என்று ஒரு செய்தி சுற்றியது. கிடைக்காது. கசப்பு என்றாலே குயினைன் ஆகிவிடுமா?

அப்புறம் டானிக் வாட்டர், குயினைன் சேர்த்த கசப்பான சோடா. அமெரிக்காவில் லிட்டருக்கு 83 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. மலேரியாவுக்குக் குயினைன் கொடுத்தால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,800 மில்லிகிராம் தேவை. அதாவது தினமும் 20 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஜின்னோடு கலந்து குடிப்பவர்கள் கொசுவைச் சாக்குச் சொல்லாமலே குடிக்கலாம்.