தையல் பிரித்த பிறகு மங்கிய பார்வை: என் அனுபவம்

கருவிழி மெலிந்து கூம்புபோல் துருத்தும் கெரட்டோகோனஸுக்காகக் கருவிழி மாற்றிய கண் எனக்கு. தையல் பிரித்ததும் பார்வை தெளியும் என்று நினைத்திருந்தேன், மங்கியது. தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் சாய்வாக ஒரு வால். பழைய கண்ணாடி போட்டால் தலைசுற்றல்.

கருவிழியின் வளைவை அளக்கும் டோப்போகிராபி எடுத்துப் பார்த்தார்கள். மாற்றிய கருவிழி தெளிவாகவே இருந்தது. சிலிண்டர் பவர்தான், அதாவது கருவிழி எல்லாப் பக்கமும் சீராக வளையாததால் வரும் பவர், ஏறியிருந்தது. முடியைவிட மெல்லிய 10-0 அளவு நைலான் தையல் இழைகள் இழுத்துப் பிடித்திருந்த கருவிழி, அந்த இழுவை போனதும் வளைவு மாறிவிட்டது. பவர் நிலைக்கும்வரை புதுக் கண்ணாடி வேண்டாம் என்றார் டாக்டர். பொறுத்தேன். அடுத்தடுத்த அளவுகளில் ஒரே பவர் வந்தபின் ஆர்ஜிபி என்ற கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் பொருத்தினார்கள். இப்போது பஸ் போர்டைத் தூரத்திலேயே படிக்கிறேன்.

ஆனால் கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், திடீரென மங்கினால் பொறுக்காதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள், புதுக் கருவிழியை உடல் நிராகரிப்பதாக இருக்கலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.